பாலம், ரயில்வே, அணைன்னு போட்டோ எடுக்கிறவங்களுக்கு ரிக்கோ ஜிஆர் 3 சரிப்படுமா?

ரிக்கோ ஜிஆர் 3 கேமராவுக்கு ரிவ்யூ எக்கச்சக்கமா கிடைக்குது. ஆனா எல்லாருமே கல்யாண வீடு, டீக்கடை, தெரு, பூனைக்குட்டின்னுதான் எடுத்து காட்டுறாங்க. நான் எடுக்கிறது பாலம். ரயில் பாலம், ரோட்டு பாலம், தொட்டிப்பாலம், மேம்பாலத்துக்கு அடியில இருக்கிற தூண், அணைக்கட்டு மதகு, இந்த மாதிரி. இதை எடுக்கப் போறவனுக்கு கேமராகிட்ட தேவைப்படுறது வேற, ஏன்னா நமக்கு லைட்டு, ஃபோகஸ் எல்லாம் ரெண்டாவது பிரச்சனை, முதல் பிரச்சனை "யாரு நீ, இதை எதுக்கு எடுக்குற"ன்னு வர்ற கேள்விதான். அந்தக் கோணத்துல இருந்து யாரும் எழுதலன்னு தோணுச்சு, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

முதல்ல கேமரா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். 2019ல வந்த மாடல். சட்டைப்பைக்குள்ள போற சைஸ், பேட்டரி கார்டு எல்லாம் சேத்து 257 கிராம். உள்ள இருக்கிறது பெரிய டிஎஸ்எல்ஆர்கள்ல இருக்கிற அதே ஏபிஎஸ்-சி சென்சார், 24 மெகாபிக்சல். லென்ஸ் கழட்ட முடியாது, ஜூம் கிடையாது, 18.3 மிமீ எஃப் 2.8, அதாவது பழைய ஃபிலிம் கணக்குல 28 மிமீ, நல்லா அகலமா எடுக்கும். வ்யூஃபைண்டர் இல்ல, ஃபிளாஷ் இல்ல, ஸ்கிரீன் மடங்காது. இதையெல்லாம் கேட்டா என்னடா இது ஒண்ணுமே இல்லாத கேமராவா இருக்கேன்னு தோணும். பாலத்துக்கு இந்த "இல்ல"கள்ல பாதி நமக்கு சாதகம், அது எப்படின்னு சொல்றேன்.

இதுக்கு முன்னாடி என்கிட்ட இருந்தது பெரிய டிஎஸ்எல்ஆர், கூட ஒரு 70-300 ஜூம். அதை கழுத்துல மாட்டிட்டு எந்தப் பாலத்துக்குப் போனாலும் அஞ்சு நிமிஷத்துல யாராவது வந்துருவாங்க. ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல (எதுன்னு வேணாம்) பிளாட்பாரத்துல நின்னுட்டு இருந்த என்னை உக்கார வச்சு, ஒவ்வொரு போட்டோவா காட்டச் சொல்லி, எல்லாத்தையும் அழிக்கச் சொன்னாங்க. பக்கத்துல அதே ரயிலை போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்த பசங்களை யாரும் ஒண்ணும் கேக்கல. அவங்க போன்லயும் இப்ப நல்ல ஜூம் இருக்கு. கேள்வி வர்றது எடுக்குற படத்தைப் பாத்து இல்ல, கையில இருக்கிற பொருளோட சைஸப் பாத்து, ட்ரைபாட் விரிச்சா அது இன்னும் மோசம்.

ஜிஆர் 3 கையில இருந்தா ஊர் சுத்த வந்தவன் மாதிரிதான் பாக்குறாங்க. இதை ஒளிச்சு எடுக்கிறதுக்குச் சொல்லலங்க, அதை முதல்லயே தெளிவா சொல்லிடறேன். நான் கேமராவை கையிலதான் வச்சிருப்பேன், நெஞ்சுக்கு நேரா தூக்கித்தான் எடுப்பேன், யாராவது பாத்தா நானே வணக்கம் சொல்லுவேன். ஒளிச்சு எடுத்து மாட்டினா அது நமக்கும் ஆபத்து, அடுத்து அங்க வர்ற போட்டோகிராஃபருக்கும் கதவை சாத்துற வேலை. இந்தக் கேமரா செய்யுறது என்னன்னா, பேச்சு சந்தேகத்துல ஆரம்பிக்காம சாதாரணமா ஆரம்பிக்க விடுது.

பாம்பனுக்கு வர்றேன், ஏன்னா நான் இதை அதிகமா யூஸ் பண்ணது அங்கதான். பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24ல திறந்தது, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், நடுவுல கப்பலுக்கு வழி விடுறதுக்கு ரெண்டு பக்கமும் தூக்கிக்கிற ஷெர்சர் ஸ்பான் (ஸ்பான்னா ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கிற பாலத்துண்டு), அதை ஆளுங்க கையால லீவரை சுத்தி சுத்தி தொறப்பாங்க. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியோட சேத்து பாலமும் அடி வாங்குச்சு, அப்ப ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல திரும்ப ஓட விட்டாங்க. காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலை நிறுத்திருவாங்க. 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயில் ஓட்டத்தை மொத்தமா நிறுத்தினாங்க. 2025 ஏப்ரல் 6ல பக்கத்துலயே புது பாலம் திறந்தாச்சு, இதுல நடு ஸ்பான் 72.5 மீட்டர், அப்படியே லிஃப்ட் மாதிரி நேரா 17 மீட்டர் மேல போகும். மத்த 99 ஸ்பானும் தலா 18.3 மீட்டர். நம்ம லென்ஸ் 18.3 மிமீ, ஸ்பான் 18.3 மீட்டர், இதை நான் கவனிச்ச அன்னைக்கு வந்த சந்தோஷம் போட்டோ எடுக்கிறவங்களுக்குத்தான் புரியும்.

பழைய பாலம் இனிமே ரொம்ப நாள் இருக்காது, பிரிச்செடுக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அதனால ரெண்டு பாலமும் ஒரே ஃப்ரேம்ல நிக்கிற காலம் ரொம்பக் குறைச்சல். பழசு மொத்தமும் ரிவெட் (இரும்பை இரும்போட சேக்குற தலை வச்ச ஆணி) அடிச்சது, புதுசு வெல்டிங். காலையில வெயில் சாய்வா விழும்போது பழைய இரும்புல ஒவ்வொரு ரிவெட் தலைக்கும் ஒரு குட்டி நிழல் விழும், துரு ஒரு இடத்துல செம்மண் கலர், ஒரு இடத்துல கருப்பு, உப்புக் காத்து பட்ட பக்கம் பெயின்ட் ஏடு ஏடா எழும்பி நிக்கும். ஜிஆர் 3ல எஃப் 5.6, எஃப் 8ல எடுத்த ரா ஃபைலை (கேமரா எதையும் மாத்தாம சேமிக்கிற படம்) கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பாத்தா, படத்துல பழைய பாலம் வர்ற எந்த இடத்துலயும் அந்த ரிவெட் வரிசை அப்படியே தெரியுது. லென்ஸ் அவ்வளவு ஷார்ப். ஓரத்துலயும் நேர்கோடு நேர்கோடாவே இருக்கு, பாலம் எடுக்கிறவனுக்கு இதை விட என்ன வேணும், பாலத்தோட இரும்பு உத்தரம், அதான் கர்டர், வளைஞ்சு தெரிஞ்சா அந்தப் படமே போச்சு.

ரயில்ல போகும்போதுதான் இது முழுசா ஜெயிக்குது. ஸ்னாப் ஃபோகஸ்னு ஒண்ணு இருக்கு, முன்கூட்டியே தூரத்தை செட் பண்ணி வச்சுட்டா, பட்டனை ஒரே அமுக்கா அமுக்கினா ஃபோகஸ் தேடாம சட்டுனு அடிச்சிரும். எஃப் 8, ஸ்னாப் 2.5 மீட்டர்னு வச்சா கிட்டத்தட்ட ஒரு மீட்டர்ல இருந்து கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் எல்லாமே ஷார்ப்பா வரும். அதாவது ஜன்னல் கம்பியைத் தாண்டி, கடலு, பக்கத்து பாலம், தூரத்துல படகு எல்லாம். மத்த கேமரா ஜன்னல் கம்பிலயே ஃபோகஸ் பிடிச்சு நிக்கும், அதுக்குள்ள லிஃப்ட் ஸ்பான் கோபுரம் போயிரும். ஆன் பண்ணா ஒரு செகண்டுக்குள்ள ரெடி. ஹைலைட் பாத்து மீட்டர் பண்ற மோடு போட்டுக்கோங்க, வெளிய கடல் வெள்ளையா எரியாது, உள்ள இருட்டை அப்புறமா தூக்கிக்கலாம். வாசப்படியில தொங்கிட்டு எடுக்க வேணாம்ங்க, ஜன்னல் போதும், 28 மிமீக்கு ஜன்னல் தாராளம்.

ஆனா ரோட்டு பாலத்துல இருந்து எடுக்கும்போது இதே 28 மிமீ ஏமாத்திரும். அன்னை இந்திரா காந்தி பாலம், 1988 அக்டோபர் 2ல ராஜீவ் காந்தி திறந்தது, 2.345 கிலோமீட்டர். அங்க நின்னா ரெண்டு ரயில் பாலமும் கடலும் மொத்தமா ஃப்ரேமுக்குள்ள வந்துரும், அழகா இருக்கும், ஆனா லிஃப்ட் ஸ்பான் சின்னதா போயிரும். கேமராவுல 35, 50ன்னு க்ராப் மோடு இருக்கு, 35க்கு 15 மெகாபிக்சல், 50க்கு 7 மெகாபிக்சல்தான் மிஞ்சும். பெரிய பிரின்ட் போடணும்னா 7 பத்தாது. அந்த ஸ்பாட்டுக்கு ஜிஆர் 3எக்ஸ்தான் சரி, 2021ல வந்தது, அதே பாடி, 40 மிமீ லென்ஸ். பாம்பனுக்காக மட்டும் வாங்குறீங்கன்னா கண்ணை மூடிட்டு எக்ஸ் வாங்குங்க. இன்னொண்ணு, அந்தப் பாலத்துல வண்டியை நிறுத்தாதீங்க, நிறுத்தக்கூடாது, டிராஃபிக் ஆகி ஆபத்தாகுது, போலீஸ் திட்டுறதும் அதுக்குத்தான், கேமராவுக்கு இல்ல. ஓரத்து நடைபாதையில நடந்தே போங்க. நடந்து போறவன்கிட்ட யாரும் எரிஞ்சு விழுறது இல்ல.

அங்க ஒரு தடவை ட்யூட்டியில இருந்த போலீஸ்காரர் என்னைக் கூப்பிட்டார். வயசானவர். "என்ன தம்பி, ரொம்ப நேரமா ஒரே இடத்துல நிக்கிறீங்க, என்ன எடுக்குறீங்க?"ன்னார். "பாலம் சார், பழசை பிரிக்கப் போறாங்கல்ல, அதுக்கு முன்னாடி எடுத்து வைக்கணும்னு வந்தேன்"னு சொல்லி கேமராவையே கையில குடுத்துட்டேன். தொடுற ஸ்கிரீன்தான், போன் மாதிரியே தள்ளித் தள்ளிப் பாத்தார். கண்ட்ரோல் ரூமை கிட்டக்க எடுத்த படம் எதுவும் இல்ல, காவல் கூண்டு இல்ல, கோஸ்ட் கார்டு படகு இல்ல, எல்லாம் தூணும் கர்டரும் அலையும். ஒரு படத்துல நின்னார், பழைய ஷெர்சர் ஸ்பானை கீழ மீனவர் படகோட சேத்து எடுத்தது. "இது தொறக்கும்போது நீங்க பாத்திருக்கணும் தம்பி, ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு சுத்துவாங்க, அந்த சத்தமே வேற"ன்னார். அப்புறம் அந்தப் படத்தை போனுக்கு அனுப்ப முடியுமான்னு கேட்டார். கேமராவுல புளூடூத், வைஃபை இருக்கு, அங்கயே என் போனுக்கு இழுத்து அவருக்கு அனுப்பினேன். கேமராவுல எடுத்ததை உடனே எதிர்ல இருக்கிறவர் கண்ணு முன்னாடி வைக்க முடியுறது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

அவர் கேட்டது தப்பே இல்ல. 26/11க்கு முன்னாடி டேவிட் ஹெட்லி மும்பைக்கு திரும்பத் திரும்ப வந்து டூரிஸ்ட் மாதிரி வீடியோ எடுத்துட்டுப் போனான், அதை வச்சுத்தான் திட்டம் போட்டாங்க, அது கோர்ட்ல ஒத்துக்கிட்ட விஷயம். பாம்பன் இலங்கைக் கடல் எல்லைக்குப் பக்கம், உச்சிப்புளியில கடற்படை விமானதளம் ஐஎன்எஸ் பருந்து இருக்கு. அங்க காவலுக்கு நிக்கிறவர் கேள்வி கேக்கலன்னாதான் நான் கவலைப்படுவேன். 2025 மே மாசம் ஆபரேஷன் சிந்தூர் சமயத்துல நான் கேமராவை வெளிய எடுக்கவே இல்ல, அந்த நேரத்துல போய் உரிமை பேசுறது முறை இல்ல. ஆனா சாதாரண நாள்ல, ரோட்டுல போற எல்லாரும் பாக்குற ஒரு பாலத்தை, சாட்டிலைட் மேப்ல எவனும் வீட்டுல உக்காந்து பாக்குற ஒரு பாலத்தை, அங்க நின்னு படம் எடுக்கவே கூடாதுங்கறதை என்னால ஒத்துக்க முடியல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கறது நல்லது, கேமரா வாங்குற காசுல இதுக்கு செலவே இல்ல. எல்லாரும் பயமுறுத்துறது 1923 அலுவல் ரகசியச் சட்டத்தை வச்சுத்தான். அதுல போட்டோவும் "ஸ்கெட்ச்"ங்கற கணக்குல சேரும், அது உண்மை. ஆனா தண்டனை வர்றது நாட்டோட பாதுகாப்புக்கு கெடுதல் பண்ற நோக்கத்தோட செஞ்சா. ராணுவ, கடற்படை இடங்கள் எல்லாம் நேராவே தடைசெய்யப்பட்ட இடம். ரோடு, ரயில்வே, நீர்வழி மாதிரி பொது இடமா இருந்தா மத்திய அரசு கெஜட்ல அறிவிச்சிருக்கணும், அந்த அறிவிப்போட நகலை அந்த இடத்துலயே இங்கிலீஷ்லயும் உள்ளூர் மொழியிலயும் ஒட்டியிருக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. அதனால எங்க போனாலும் நான் முதல்ல போர்டைத் தேடுவேன். போர்டு இருந்தா கேமரா பைக்குள்ள, அதுல பேச்சே இல்ல. தண்டவாளத்துல இறங்குறது தனிக் குத்தம், ரயில்வே சட்டம் 147வது பிரிவு, ஆறு மாசம் வரை ஜெயில், ஆயிரம் ரூபா வரை அபராதம். செல்ஃபிக்காக இறங்கி சாகுற பசங்களை பாக்குறோம், அதை நியாயப்படுத்த எந்தப் படமும் இல்ல. ட்ரோன் வேணவே வேணாம், ட்ரோன் ரூல்ஸ் 2021 படி டிஜிட்டல் ஸ்கை மேப்ல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மண்டலம் பிரிச்சிருக்காங்க, அதைப் பாக்காம கடலோரத்துல பறக்க விட்டா அப்புறம் நம்மள யாரும் காப்பாத்த முடியாது.

வெளிநாட்டுலயும் இதே இழுபறிதான். நியூயார்க் சப்வேயில போட்டோவுக்கே தடை போடுறோம்னு 2004ல கிளம்பினாங்க, எதிர்ப்பு வந்து அடுத்த வருஷம் விட்டுட்டாங்க. இங்கிலாந்துல தீவிரவாதத் தடுப்புச் சட்டம் 44வது பிரிவை வச்சு போட்டோகிராஃபர்களை கண்டபடி நிறுத்தி சோதிச்சாங்க, 2010ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிருச்சு. ரெண்டு இடத்துலயும் சாதாரண ஆளுங்க எதிர்த்துக் கேட்டதாலதான் மாறுச்சு.

நான் இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுறேன்னா, எங்க ஊர் திருச்சி. கொள்ளிடத்துல பழைய இரும்புப் பாலம், 1928ல கட்டினது, திருவானைக்காவல்ல இருந்து நம்பர் ஒன் டோல்கேட் போற வழி. பக்கத்துல புதுப் பாலம் வந்ததும் 2016ல வண்டியை நிறுத்தினாங்க, ஜனங்க காலையில வாக்கிங் போற பாலமா இருந்துச்சு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல தூண் சாஞ்சு கொஞ்சம் கொஞ்சமா ஆத்துல விழுந்துச்சு, மிச்சத்தையும் அப்புறம் இடிச்சாச்சு. இன்னைக்கு அந்தப் பாலம்னா நம்மகிட்ட இருக்கிறது படங்கள்தான், அதுவும் பாதிக்கு மேல விழுந்ததுக்கு அப்புறம் எடுத்தது. முழுசா நின்னப்ப இரும்பு வளைவுக்கு உள்ள இருந்து எடுத்த படம் தேடிப் பாருங்க, விரல் விட்டு எண்ணிரலாம். தூண் கீழ மண்ணு அரிச்சுட்டு இருந்ததை வருஷா வருஷம் ஒரே இடத்துல நின்னு யாராவது எடுத்து வச்சிருந்தா அது ஊருக்கு எவ்வளவு பெரிய ஆவணம். மோர்பியில 2022 அக்டோபர்ல தொங்கு பாலம் விழுந்து 130 பேருக்கு மேல செத்தாங்க. 2025 ஜூலையில வடோதரா பக்கம் கம்பீரா பாலம் வண்டிகளோட ஆத்துல விழுந்துச்சு. பாலம் நம்ம வரிப்பணம், நம்ம உசுரு அது மேலதான் போகுது, அது எப்படி இருக்குன்னு பாக்குறதும் படம் எடுத்து வைக்கிறதும் ஜனங்களோட வேலை இல்லன்னு சொன்னா வேற யாரோட வேலை? பாம்பன் புது பாலத்தைப் பத்தி ரயில்வே பாதுகாப்பு கமிஷனரே 2024 நவம்பர் அறிக்கையில துருப்பிடிக்கிறதைப் பத்தி கேள்வி எழுப்பியிருந்தார். அந்த துரு எங்க வருது, எங்க வரலங்கறதை அடுத்த பத்து வருஷம் ரோட்டு பாலத்துல இருந்து எடுத்துட்டே இருக்கணும்னு நினைச்சிருக்கேன்.

அதுக்கும் இந்தக் கேமரா தோதா இருக்கு, ஏன்னா ஜூம் இல்ல. ஒரே இடத்துல நின்னா ஒரே ஃப்ரேம்தான். போன வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாம், அளவு மாறாது.

கொல்கத்தா ஹவுரா பாலத்துக்கு ஒரு பாரா எழுதியே ஆகணும். 1943ல திறந்தது, 705 மீட்டர், நடு ஸ்பான் 457 மீட்டர், நட்டு போல்ட்டே கிடையாது, மொத்தமும் ரிவெட், 26,500 டன் இரும்பு, பெரும்பகுதி டாட்டாவோடது. பாலத்து மேல நின்னு போட்டோ எடுக்கக் கூடாதுங்கற தடை காலங்காலமா இருக்கு, அதனால மேல நான் கேமராவைத் தொடவே இல்ல. கீழ இருந்து எடுக்கலாம், உண்மையில பாலம் முழுசா தெரியிறதும் அங்கதான். ஹூக்ளி ஆத்துல ஓடுற ஃபெர்ரியில ஏறினீங்கன்னா பாலம் அப்படியே தலைக்கு மேல விரியும், அங்க 28 மிமீ தங்கம். மல்லிக் காட் பூ மார்க்கெட்ல செவ்வந்தி மாலையை மூட்டை மூட்டையா தலையில தூக்கிட்டு ஆளுங்க ஓடுவாங்க, பின்னாடி பூரா அந்த இரும்பு. டிஎஸ்எல்ஆரோட போனா அந்த நெரிசல்ல கேமராவைக் காப்பாத்தறதே வேலையா இருந்திருக்கும். இதை கையில மடக்கி வச்சுட்டு, ஒரு கையாலயே எல்லா பட்டனையும் ஓட்டிட்டு எடுத்தேன். பாசிட்டிவ் ஃபிலிம்னு ஒரு கலர் செட்டிங் இருக்கு, அந்த மஞ்சளுக்கும் இரும்போட சாம்பலுக்கும் அப்படி ஒரு பொருத்தம், எடிட் பண்ணவே தோணல.

ராத்திரி படத்துக்கு ட்ரைபாட் இல்லாம சமாளிக்கலாம். உள்ளயே கை ஆட்டத்தைச் சமாளிக்கிற மூணு அச்சு ஸ்டெபிலைசேஷன் இருக்கு, கைப்பிடிச் சுவர் மேல கேமராவை வச்சு, ரெண்டு செகண்ட் டைமர் போட்டுட்டா ரொம்ப நேர எக்ஸ்போஷரும் தாங்குது. பகல்ல தண்ணியை வழவழன்னு காட்டணும்னா உள்ளயே வெளிச்சத்தைக் குறைக்கிற ரெண்டு ஸ்டாப் என்டி ஃபில்டர் இருக்கு, மெனுவுல ஆன் பண்ணா போதும். ஃபோகஸுக்கு எரியிற குட்டி லைட்டை மட்டும் மறக்காம ஆஃப் பண்ணிருங்க, ரயில் வரும்போது லோகோ பைலட் கண்ணுல எந்த வெளிச்சமும் படக்கூடாது.

இப்ப குறைகள். பேட்டரி, கம்பெனி கணக்கே 200 படம்தான். கூட ரெண்டு பேட்டரி வாங்கியே ஆகணும், நல்லவேளையா டைப்-சில பவர் பேங்க்ல சார்ஜ் ஆகும். மழைக்கும் தூசிக்கும் பாதுகாப்பு எதுவும் கிடையாது, கடல் காத்துல இது சின்ன விஷயம் இல்ல. லென்ஸ் வெளிய நீண்டு உள்ள போறது, அதோட உப்புத் துகளும் மணலும் உள்ள போற வாய்ப்பு இருக்கு. நான் பாம்பன்ல ஜிப் போட்ட பைக்குள்ளயே வச்சிருப்பேன், எடுக்கும்போது மட்டும் வெளிய, ரூமுக்கு வந்ததும் லேசா நனைச்ச மைக்ரோஃபைபர் துணியால துடைப்பேன், சிலிக்கா ஜெல் டப்பாவுல போடுவேன். ஸ்கிரீன் மடங்காதது பாலத்துக்கு அடியில குனிஞ்சு எடுக்கும்போது முட்டி வலிக்க வைக்கும். மத்தியான வெயில்ல ஸ்கிரீன் சரியாத் தெரியாது, வ்யூஃபைண்டரும் இல்ல, பாதி நேரம் மனக்கணக்குலதான் ஃப்ரேம் வைக்கணும். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்துல (ஆத்துக்கு மேல தண்ணியைக் கொண்டு போற பாலம்) இதுதான் படுத்துச்சு, 115 அடி உசரம், 28 தூண், கீழ பறளியாத்துல நின்னு அண்ணாந்து எடுக்கணும், நேரா கண்ணுக்கு வெயில். ஆனா அங்க காவல் கேள்வி எதுவும் கிடையாது, டூரிஸ்ட் ஸ்பாட்டே, நிம்மதியா எடுக்கலாம், புதுசா ஆரம்பிக்கிறவங்க அங்க போய்ப் பழகுங்க.

காவல் போட்ட பெரிய அணைக்கு இது உதவாது, எந்தக் கேமராவும் உதவாது. இடுக்கியில வருஷத்துல சில நாள் பாக்க விடும்போதே கேமரா, போன் ரெண்டும் உள்ள கொண்டு போக விடுறது இல்ல. அணை விஷயத்துல நான் அதை ஒத்துக்கறேன், கீழ இருக்கிற ஊர்களை நினைச்சா அந்த ஒரு கட்டுப்பாடு அதிகமாப் படல. கூடங்குளம் பக்கம் எல்லாம் கேமராவோட போறதை நினைக்கவே வேணாம்.

விலை கம்மி இல்ல. இதே காசுக்கு ரெண்டு லென்ஸோட மிரர்லெஸ் கிட்டே வரும். கல்யாணம், பறவை, கிரிக்கெட் எல்லாம் எடுக்கிறவரா இருந்தா அதையே வாங்குங்க, இது உங்களுக்கு இல்ல. என்னை மாதிரி கட்டுமானம் எடுக்கிறவங்களுக்கு இது மாதிரி வேற எதுவும் நான் தொட்டதில்ல. 2025ல ஜிஆர் 4 வந்துருச்சு, அதே 28 மிமீ, அஞ்சு அச்சு ஸ்டெபிலைசேஷன், உள் மெமரியே 53 ஜிபி, ஜிஆர் 3ல வெறும் 2 ஜிபி. புதுசு வாங்க காசு இருந்தா அதைப் பாருங்க. பகல் வெளிச்சத்துல பாலம் எடுக்க 3 போதும், இப்ப பழசு நிறைய விக்க வருது.

பழசு வாங்குறவங்க கடையிலயே ஒண்ணு செய்யுங்க: எஃப் 16 வச்சு வெள்ளைச் சுவத்தையோ வானத்தையோ ஃபோகஸ் இல்லாம ஒரு படம் எடுத்து, ஸ்கிரீன்ல பெருசாக்கி மூலை மூலையா தள்ளிப் பாருங்க. கருப்பா புள்ளி தெரிஞ்சா சென்சார்ல தூசி, லென்ஸைக் கழட்டி நாமளே துடைக்க முடியாது, சர்வீஸுக்குத்தான் குடுக்கணும், அந்தக் காசைக் கழிச்சுப் பேசுங்க. லென்ஸ் வெளிய வந்து போறப்ப நறநறன்னு சத்தம் வந்தா எவ்வளவு சீப்பா குடுத்தாலும் வேணாம். பேட்டரி டிபி-110, ஒரிஜினல் கூட இருக்கான்னு கேட்டு வாங்குங்க.